ஸ்ட்ரிங் மாறாது என்றால், அடுத்த வரியில் மாறியது எது?

உங்கள் கேள்வியில் இரண்டு சந்தேகங்கள் பின்னிக்கிடக்கின்றன. பைத்தானில் ஸ்ட்ரிங் இம்மியூட்டபிள், அதாவது உருவான பிறகு மாற்ற முடியாதது, என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் சொல் = "மரம்" என்று எழுதி, அடுத்த வரியில் சொல் = "கரம்" என்று எழுதினால் எந்த எரரும் வரவில்லை; பிரிண்ட் செய்தால் "கரம்" என்றே வருகிறது. இது முதல் சந்தேகம். அப்புறம், அ = [1, 2, 3] என்ற லிஸ்டை ஆ = அ என்று இன்னொரு வேரியபிளில் போட்டு, ஆ-வில் 4-ஐச் சேர்த்தால் அ-விலும் 4 வந்து உட்கார்ந்துகொள்கிறது. எண்ணை வைத்து இதையே செய்தால் அப்படி நடப்பதில்லை. எவை மாறும், எவை மாறாது என்று ஒரு பட்டியல் கொடுங்கள், மனப்பாடம் செய்துகொள்கிறேன் என்று முடித்திருக்கிறீர்கள். பட்டியலைக் கீழே தருகிறேன். ஆனால் அதை எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் இந்த இரண்டு சந்தேகமும் தீராது. நீங்கள் உண்மையில் கேட்பது, = என்ற குறி என்ன வேலை செய்கிறது என்பதைத்தான். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குப் பல வருடங்களாகப் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மியூட்டபிள், இம்மியூட்டபிள் புரியவில்லை என்று வருபவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொண்டிருப்பது இந்தக் குறியில்தான்.

வேரியபிள் என்பது ஒரு பெட்டி, அதற்குள் மதிப்பைப் போட்டு வைக்கிறோம் என்றுதான் பல இடங்களில் ஆரம்பிக்கிறார்கள். சி மொழியில் ஒரு முழு எண்ணுக்கு அது பொருந்தும். அங்கே வேரியபிள் என்பது நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட ஓர் இடம். பைத்தானுக்கு அது பொருந்தாது. பைத்தானில் மதிப்பு, அதாவது ஆப்ஜெக்ட், தனியாக ஓரிடத்தில் இருக்கிறது. வேரியபிள் அதன் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டுமே. ஒரே ஆப்ஜெக்ட்டின் மேல் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் ஒட்டலாம். இடப்பக்கம் வெறும் பெயர் மட்டும் இருக்கும்போது, = குறி எந்த ஆப்ஜெக்ட்டையும் தொடுவதில்லை. வலப்பக்கம் கணக்கிட்டு வந்த ஆப்ஜெக்ட் எதுவோ, அதன் மேல் அந்தச் சீட்டை ஒட்டுகிறது. சீட்டு முன்பு வேறொன்றின் மேல் இருந்திருந்தால், அங்கிருந்து உரித்து இங்கே ஒட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

மாறும், மாறாது என்பது ஆப்ஜெக்ட்டின் குணம். பெயருக்கு அந்தக் குணம் கிடையாது. பைத்தானில் எந்தப் பெயரையும் எப்போது வேண்டுமானாலும் எதன் மேலும் மாற்றி ஒட்டலாம், அதைத் தடுக்க மொழியில் வழியில்லை. ஆக உங்கள் முதல் உதாரணத்தில் "மரம்" மாறவே இல்லை. "கரம்" என்ற வேறொரு ஸ்ட்ரிங் உருவானது, சொல் என்ற பெயர் அதற்குப் போய்விட்டது.

இதை நீங்களே சோதிக்கலாம். பைத்தான் 3 தமிழ் எழுத்துகளைப் பெயராக ஏற்றுக்கொள்ளும் என்பதால் இந்த வரிகளை இப்படியே அடித்துப் பார்க்கலாம். சொல் = "மரம்" என்று எழுதி, பழையது = சொல் என்று இன்னொரு பெயரையும் கொடுத்துவிடுங்கள். பிறகு சொல் = "க" + சொல்[1:] என்று எழுதுங்கள் (சொல்[1:] என்பது முதல் எழுத்தை விட்டு மீதி). இப்போது சொல் என்பது "கரம்". பழையது இன்னும் "மரம்". முதல் ஸ்ட்ரிங் அப்படியே இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு பெயர் இருப்பதால் நம் கண்ணுக்கும் தெரிகிறது. அடுத்து பழையது[0] = "க" என்று எழுதிப் பாருங்கள். டைப்எரர் வரும், ஸ்ட்ரிங்கின் ஓர் உறுப்புக்குப் புது மதிப்பு தர முடியாது என்று சொல்லும். இந்தக் கடைசி வரிதான் உண்மையில் ஆப்ஜெக்ட்டை மாற்றச் செய்யும் முயற்சி. இடப்பக்கம் சதுர அடைப்போ புள்ளியோ வந்துவிட்டால் அது பெயரை ஒட்டும் வேலை அல்ல, அந்த ஆப்ஜெக்ட்டின் உள்ளே கை வைக்கும் வேலை. இம்மியூட்டபிள் ஆப்ஜெக்ட் அதற்கு இடம் தராது.

இப்போது இரண்டாவது சந்தேகம். ஆ = அ என்று எழுதியபோது நகல் எதுவும் உருவாகவில்லை. ஒரே லிஸ்டுக்கு அ, ஆ என்று இரண்டு பெயர்கள். ஆ வழியாக அப்பெண்ட் செய்தால், அதாவது கடைசியில் ஒன்றைச் சேர்த்தால், மாறுவது அந்த ஒரே லிஸ்ட், அ வழியாகப் பார்த்தாலும் அதே லிஸ்டைத்தான் பார்க்கிறீர்கள். இந்தப் பகுதி பெரும்பாலானவர்களுக்குச் சீக்கிரம் புரிந்துவிடும். சிக்கல், எண்ணில் ஏன் இப்படி நடக்கவில்லை என்பதில்தான் இருக்கிறது. இதற்கு "எண்கள் நகலாகப் போகும், லிஸ்டுகள் முகவரியாகப் போகும்" என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. பைத்தானைப் பொறுத்தவரை அது தவறு. எ = 5, ஏ = எ என்று எழுதினாலும் ஒரே 5-க்கு இரண்டு பெயர்கள்தான்; லிஸ்டில் நடந்தது அச்சாக அப்படியே இங்கேயும் நடக்கிறது. வித்தியாசம் அடுத்த வரியில். எண்ணில் நீங்கள் எழுதியது ஏ = ஏ + 1. அது 6 என்ற வேறொரு ஆப்ஜெக்ட்டைக் கொண்டுவந்து, ஏ என்ற பெயரை அதன் மேல் ஒட்டியது. லிஸ்டில் நீங்கள் செய்தது அப்பெண்ட், அதாவது உள்ளே கை வைத்தது. இரண்டு வேறு செயல்களைச் செய்துவிட்டு, டேட்டா டைப் வேறாக நடந்துகொள்கிறது என்று முடிவுக்கு வந்துவிட்டீர்கள்.

எண்ணில் செய்ததையே லிஸ்டிலும் செய்து பாருங்கள். அ = [1, 2, 3], ஆ = அ, ஆ = ஆ + [4]. இப்போது ஆ என்பது [1, 2, 3, 4]. அ இன்னும் [1, 2, 3] தான். லிஸ்ட் மியூட்டபிள்தான், ஆனாலும் இங்கே யாரும் அதை மாற்றவில்லை. மாற்ற முடியும் என்பது வேறு, இந்த வரி மாற்றுகிறது என்பது வேறு. எண்ணில் அப்பெண்ட்டுக்கு இணையான செயலே கிடையாது என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து உங்களுக்கு எப்போதும் ஆச்சரியம் வராது. ஒரு பெயருக்கு இன்னொரு பெயரைக் கொடுப்பது எல்லா டைப்புக்கும் ஒரே மாதிரிதான் நடக்கிறது என்பதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, இது பிடிபட்டவர்களுக்கு மீதி எல்லாம் தானாக வந்துவிடுகிறது.

இதற்கு நடுவில் ஒரு பொறி இருக்கிறது: += குறி. ஏ += 1 என்பது ஏ = ஏ + 1 என்பதன் சுருக்கம் என்று எல்லோரும் படித்திருப்போம். எண்ணுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் டியூப்பிளுக்கும் (லிஸ்ட் போன்றது, ஆனால் மாற்ற முடியாதது) அப்படி எடுத்துக்கொண்டால் பாதகம் இல்லை. லிஸ்டுக்கு அப்படி அல்ல. ஆ += [4] என்று எழுதினால் பைத்தான் முதலில் அந்த லிஸ்டிடமே "உன்னையே நீட்டிக்கொள்ள முடியுமா" என்று கேட்கிறது; லிஸ்ட் முடியும் என்று நீண்டுகொள்கிறது. ஆகவே அ-வும் நீண்டுவிடும். ஆ = ஆ + [4] என்றால் அ நீளாது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இந்த இரண்டு வரிகளுக்கும் விளைவு வேறு. மேலும் ஒரு சின்ன வேறுபாடு: லிஸ்டோடு ஸ்ட்ரிங்கை + குறியால் கூட்டினால் எரர் வரும், ஆனால் ஆ += "மரம்" என்று எழுதினால் எரரே இல்லாமல் ம, ர, ம, புள்ளி என்று ஒவ்வொன்றாக உள்ளே போய் உட்காரும்.

நீங்கள் கேட்ட பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். முழு எண், தசம எண், பூலியன், ஸ்ட்ரிங், பைட்ஸ், டியூப்பிள், ஃப்ரோஸன்செட், நன் (None, மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிப்பது) ஆகியவை மாறாதவை. லிஸ்ட், டிக்ஷனரி, செட், பைட்அரே ஆகியவை மாறக்கூடியவை. நீங்களே ஒரு கிளாஸ் எழுதினால், தனியாகத் தடுக்காதவரை அதன் ஆப்ஜெக்ட்டுகளும் மாறக்கூடியவைதான்.

மெத்தடுகளிலும் இந்தப் பிரிவு வெளிப்படுகிறது, தெரிந்துகொண்டால் பல மணி நேரத் தேடல் மிச்சம். ஸ்ட்ரிங்கின் மெத்தடுகள் பழையதைத் தொட முடியாது என்பதால் எப்போதும் விடையைத் திருப்பித் தருகின்றன. சொல் மேல் ரிப்ளேஸ் போட்டுவிட்டு, வந்த விடையை எந்தப் பெயரிலும் வைக்காமல் விட்டால் அந்த விடை வீண். சொல் அப்படியே இருக்கும். லிஸ்டின் அப்பெண்ட், சார்ட், ரிவர்ஸ் போன்றவை லிஸ்டையே மாற்றிவிட்டு நன் என்பதைத் திருப்பித் தருகின்றன. ஸ்ட்ரிங்கில் பழகிய கையோடு அ = அ.சார்ட்() என்று எழுதினால், லிஸ்ட் ஒழுங்காக வரிசைப்பட்டிருக்கும், ஆனால் அ என்ற பெயர் நன் மேல் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். வேறு பெயர் ஏதும் இல்லையென்றால் லிஸ்ட் கையைவிட்டுப் போய்விட்டது. பழையது அப்படியே இருந்து, வரிசைப்பட்ட புதியது வேண்டுமென்றால் சார்ட்டட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

ஃபார் லூப்பும் இதே கதை. லிஸ்டின் ஒவ்வோர் எண்ணையும் இரட்டிப்பாக்க நினைத்து, லூப்புக்குள் எண் = எண் * 2 என்று எழுதுவார்கள்; லிஸ்ட் துளியும் மாறாது. எண் என்பது அந்தச் சுற்றில் ஓர் உறுப்பின் மேல் ஒட்டிய பெயர். அதை வேறொன்றின் மேல் ஒட்டினால் லிஸ்டுக்கு என்ன ஆகப்போகிறது? லிஸ்ட் மாற வேண்டுமென்றால் இன்டெக்ஸ் வழியாக லிஸ்டுக்கு உள்ளேயே எழுத வேண்டும், அல்லது புது லிஸ்ட் ஒன்றை உருவாக்க வேண்டும்.

ஃபங்ஷனுக்கு மதிப்பு அனுப்பும்போது என்ன நடக்கிறது என்பதையும் இங்கேயே சேர்த்துவிடலாம், ஏனென்றால் அடுத்து நீங்கள் வந்து நிற்கப்போவது அங்கேதான். ஃபங்ஷனின் பாராமீட்டர் என்பதும் ஒரு பெயர்தான். அழைக்கும்போது நீங்கள் கொடுத்த ஆப்ஜெக்ட்டின் மேல் அந்தப் பெயரும் ஒட்டப்படுகிறது, நகல் எடுப்பதில்லை. உள்ளே அதற்கு அப்பெண்ட் செய்தால் வெளியே உள்ளவருக்கும் தெரியும். உள்ளே அந்தப் பெயரை = போட்டு வேறொன்றுக்குக் கொடுத்தால் வெளியே எதுவும் ஆகாது. இது கால் பை வேல்யூவா (மதிப்பின் நகலை அனுப்புவது), கால் பை ரெஃபரன்ஸா (வேரியபிளையே அனுப்புவது) என்று நீண்ட விவாதங்கள் நடக்கும். இரண்டு பெயரும் இங்கே சரியாக உட்காராது. இதற்கென்றே கால் பை ஷேரிங் என்ற பெயர், 1970-களில் கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் சிஎல்யூ என்ற மொழியை உருவாக்கியபோதே வந்துவிட்டது. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் ஆப்ஜெக்ட்டுகளை அனுப்பும்போது நடப்பதும் இதுதான்.

இதன் கிளையாக ஒன்று இருக்கிறது, தொடக்கநிலையில் இருப்பவர்களை மட்டுமின்றி வேலைக்குப் போனவர்களையும் பிடிப்பது. சேர்(எண், பட்டியல்=[]) என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, உள்ளே பட்டியல் += [எண்] என்று போட்டு, பட்டியலைத் திருப்பித் தருகிறீர்கள் என்று வையுங்கள். சேர்(1) என்று அழைத்தால் [1] வரும். அடுத்து சேர்(2) என்று அழைத்தால் [2] வரும் என்றுதான் நினைப்போம். வருவது [1, 2]. காரணம், இயல்பு மதிப்பாக, அதாவது அழைப்பவர் எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பாக, கொடுத்த அந்த [] ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாக உருவாவதில்லை. ஃபங்ஷனை வரையறுக்கும் டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒரு முறை உருவாகி, ஃபங்ஷனோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. முதல் அழைப்பில் அதை நீட்டினோம், இரண்டாம் அழைப்பில் நீட்டிய அதே லிஸ்ட் கிடைக்கிறது. இயல்பு மதிப்பாக 0 அல்லது வெற்று ஸ்ட்ரிங் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது. அவையும் ஒரே முறைதான் உருவாகின்றன, ஆனால் அவற்றை யாரும் மாற்ற முடியாது. லிஸ்ட் வேண்டுமென்றால் இயல்பு மதிப்பாக நன் கொடுத்து, உள்ளே நன்னாக இருந்தால் புது லிஸ்ட் உருவாக்கிக்கொள்வதுதான் எல்லோரும் பின்பற்றும் வழி.

டியூப்பிள் மாறாது என்றேன். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. த = (1, [2, 3]) என்று ஒரு டியூப்பிள். அதன் இரண்டாவது உறுப்பு ஒரு லிஸ்ட். த[1] = 5 என்றால் எரர், சரி. ஆனால் த[1] மேல் 4-ஐ அப்பெண்ட் செய்தால் எந்தத் தடையும் இல்லை; பிரிண்ட் செய்தால் (1, [2, 3, 4]) என்று வரும். டியூப்பிள் வாக்குக் கொடுப்பது, தன் ஒவ்வோர் இடத்திலும் எந்த ஆப்ஜெக்ட் இருக்கிறதோ அதே ஆப்ஜெக்ட் கடைசிவரை இருக்கும் என்பதற்கு மட்டும்தான். அந்த ஆப்ஜெக்ட் தனக்குள் மாறிக்கொண்டால் டியூப்பிள் அதற்குப் பொறுப்பு அல்ல. த-வை மறுபடி (1, [2, 3]) என்று அமைத்துக்கொண்டு ஒரு வரியை ஓட்டிப் பாருங்கள், நான் மிகவும் விரும்பிச் சொல்லிக்கொடுக்கும் வரி இது: த[1] += [4]. டைப்எரர் வரும். எரர் வந்ததே, எதுவும் நடந்திருக்காது என்று நினைத்து த-வைப் பிரிண்ட் செய்தால் 4 உள்ளே இருக்கும். ஏன் என்று யோசித்தால் மேலே சொன்ன எல்லாம் ஒரே இடத்தில் கூடி வரும். += முதலில் லிஸ்டை நீட்டியது, அது வெற்றி. அடுத்து, நீண்ட லிஸ்டை மறுபடி த[1] என்ற இடத்தில் வைக்கப் பார்த்தது. அதை டியூப்பிள் மறுத்தது. எரர் வந்தது இரண்டாம் படியில், அதற்குள் முதல் படி முடிந்துவிட்டது.

டிக்ஷனரியின் கீயாக (மதிப்பைத் தேடி எடுக்க உதவும் பெயராக) லிஸ்டை வைக்க முடியாது என்பதும் இங்கிருந்துதான் வருகிறது. டிக்ஷனரி ஒவ்வொரு கீக்கும் அதன் மதிப்பிலிருந்து ஹேஷ் என்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அதைக் கொண்டு எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறது. வைத்த பிறகு கீ மாறிவிட்டால், தேடும்போது கணக்கு வேறிடத்தைக் காட்டும், வைத்தது கிடைக்காது. அதனால் லிஸ்ட், செட், டிக்ஷனரி மூன்றும் ஹேஷ் தர மறுக்கின்றன. டியூப்பிள் தரும், ஆனால் உள்ளே லிஸ்ட் இருந்தால் தராது. மாறாதவை மட்டுமே கீயாக முடியும் என்று சில பாடங்களில் எழுதியிருக்கும். உள்ளமைந்த டைப்புகளுக்கு அது கிட்டத்தட்டச் சரி, பொது விதியாகச் சரியல்ல. நீங்கள் எழுதும் சாதாரண கிளாஸின் ஆப்ஜெக்ட் மாறக்கூடியதாக இருந்தும் கீயாக முடியும், ஏனென்றால் இயல்பாக அதன் ஹேஷ் உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை, அது எந்த ஆப்ஜெக்ட் என்பதை மட்டுமே பார்க்கிறது.

நகல் எடுப்பது பற்றி. ஆ = அ நகல் அல்ல என்றால் நகலுக்கு என்ன செய்வது? அ[:] அல்லது காப்பி என்ற மெத்தட் போதும், ஆனால் அது மேலோட்டமான நகல். வெளி லிஸ்ட் புதியது, உள்ளே இருக்கும் உறுப்புகள் பழைய அதே ஆப்ஜெக்ட்டுகள். எண்களோ ஸ்ட்ரிங்குகளோ மட்டும் இருந்தால் இதனால் கெடுதல் இல்லை. உள்ளே லிஸ்டுகள் இருந்தால் பழையபடியே பகிர்வுதான்; அங்கே காப்பி மாட்யூலில் உள்ள டீப்காப்பி தேவைப்படலாம். தளம் = [[0] * 3] * 3 என்று மூன்றுக்கு மூன்று கட்டம் அமைத்து, தளம்[0][0] = 1 என்று எழுதினால் மூன்று வரிசைகளிலும் முதல் கட்டம் 1 ஆகிவிடும். வெளியே உள்ள * 3 ஒரே உள் லிஸ்டை மூன்று முறை வைத்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, உள்ளே உள்ள [0] * 3 செய்ததும் அதே வேலைதான், ஒரே 0 மூன்று இடங்களில் இருக்கிறது. அங்கே தொந்தரவு வராததற்குக் காரணம், 0 என்ற ஆப்ஜெக்ட்டுக்குள் யாரும் கை வைக்க முடியாது என்பது மட்டுமே. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக [0] * 3 உருவாகும்படி லூப் போட்டால் கட்டம் சரியாக அமையும்.

இதுவரை சொன்னது மொழி தரும் உறுதி. எந்தப் பைத்தானிலும் நம்பலாம். இனி வருவதை அந்த அளவுக்கு நம்பக் கூடாது. இரண்டு பெயர்கள் ஒரே ஆப்ஜெக்ட்டுக்கா என்று பார்க்க இஸ் என்ற குறியீடும், ஆப்ஜெக்ட்டின் அடையாள எண்ணைக் காட்ட ஐடி என்ற ஃபங்ஷனும் உண்டு. லிஸ்டை வைத்துப் பழக இவை நல்ல கருவிகள். எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் வைத்துச் சோதிக்கும்போதுதான் குழப்பம் வரும். நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் வழக்கமான பைத்தான் நிரலான சிபைத்தான், -5 முதல் 256 வரையுள்ள முழு எண்களை நீண்டகாலமாக முன்கூட்டியே உருவாக்கி வைத்துப் பகிர்ந்து வருகிறது. சில ஸ்ட்ரிங்குகளையும் அப்படிப் பகிரும். அதனால் தனித்தனியாக உருவாக்கிய இரண்டு 100-கள் ஒரே ஆப்ஜெக்ட்டாக இருக்கும், இரண்டு 1000-கள் சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது. எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்துக்கூட மாறும். இது வேகத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு, மொழியின் விதி அல்ல, பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். மாறாத ஆப்ஜெக்ட் என்பதால்தான் இப்படிப் பகிர்வது ஆபத்தில்லாமல் முடிகிறது. மதிப்பு ஒன்றா என்று பார்க்க எப்போதும் == போடுங்கள். எண்ணோடோ ஸ்ட்ரிங்கோடோ நேரடியாக இஸ் போட்டு எழுதினால் பைத்தான் 3.8 முதல் எச்சரிக்கையே வருகிறது. இன்னொன்று, ஓர் ஆப்ஜெக்ட் அழிந்த பிறகு அதன் ஐடி எண் வேறொன்றுக்குக் கிடைக்கலாம். அதனால்தான் மேலே ஐடியை அச்சிட்டுக் காட்டாமல், பழையது என்று இன்னொரு பெயரை வைத்துச் சோதிக்கச் சொன்னேன்.

வேகம் பற்றியும் இதே எச்சரிக்கை. ஸ்ட்ரிங் மாறாது என்பதால், லூப்பில் + போட்டு ஒரு நீண்ட ஸ்ட்ரிங்கைக் கட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் இதுவரை சேர்ந்த முழுவதும் மறுபடி நகலாகும், நீளம் கூடக்கூட வேலை பலமடங்காகும் என்பது கொள்கையளவில் சரி. நடைமுறையில் சிபைத்தான் சில சூழல்களில் இந்த நகலைத் தவிர்த்துவிடுகிறது, அதனால் உங்கள் கணினியில் அளந்தால் மெதுவாகத் தெரியாமலும் போகலாம். துண்டுகளை லிஸ்டில் சேர்த்துக் கடைசியில் ஜாயின் செய்வது எல்லா இடத்திலும் நம்பகமானது. சில நூறு எழுத்துகளுக்கு இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம்.

வேறு மொழிக்குப் போகும்போது, பெயரா ஆப்ஜெக்ட்டா என்ற கேள்வியைக் கொண்டுபோங்கள், பட்டியலைக் கொண்டுபோகாதீர்கள். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் ஸ்ட்ரிங் மாறாது. ரூபியிலும் சி++ மொழியின் ஸ்ட்ரிங்கிலும் உள்ளேயே திருத்தலாம். பிஎச்பியில் ஓர் அரேயை இன்னொரு வேரியபிளுக்குக் கொடுத்தால் அது தனி மதிப்பாகவே நடந்துகொள்ளும், உங்கள் லிஸ்ட் உதாரணம் அங்கே வேறு விடை தரும். ஜாவாஸ்கிரிப்ட்டின் கான்ஸ்ட் பலரை ஏமாற்றும். கான்ஸ்ட் போட்டால் அந்தப் பெயரை வேறொன்றுக்குக் கொடுக்க முடியாது, அவ்வளவே. அந்தப் பெயர் குறிக்கும் அரேக்குள் தாராளமாகச் சேர்க்கலாம், நீக்கலாம். ஜாவாவின் ஃபைனலும் அப்படித்தான். அங்கே பூட்டு பெயருக்கு. பைத்தான் டியூப்பிளில் பூட்டு ஆப்ஜெக்ட்டுக்கு.

எப்போது லிஸ்ட், எப்போது டியூப்பிள் என்று அடுத்துக் கேட்பீர்கள். இதில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி கிடையாது, என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஒரே வகையான பலவற்றைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டுமென்றால் லிஸ்ட். ஒரு புள்ளியின் இரண்டு ஆயங்கள் போல, இத்தனைதான், இந்த வரிசையில்தான் என்று பொருள் கொண்டவற்றுக்கு டியூப்பிள். ஃபங்ஷன் எழுதும்போது, கொடுத்த லிஸ்டை மாற்றாமல் புதியதைத் திருப்பித் தருவதையே முதலில் முயல்வேன். மாற்றத்தான் வேண்டுமென்றால் ஃபங்ஷனின் பெயரிலேயே அது தெரியும்படி வைப்பேன். மிகப் பெரிய தரவில் நகல் எடுப்பது கட்டுப்படியாகாது, அங்கே இந்தப் பழக்கத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மேலே உள்ளவை பைத்தானின் சொந்த டைப்புகளுக்கானவை. பின்னால் எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) என்ற லைப்ரரியைப் படிக்கும்போது, அதன் அரேயில் அ[:] என்பது நகல் தராது. பழைய தரவையே வேறு கோணத்தில் பார்க்கும் ஒரு காட்சியைத்தான் தரும், அதில் எழுதினால் மூலமும் மாறும். அங்கே நகல் வேண்டுமென்றால் காப்பி மெத்தடை அழைத்தே ஆக வேண்டும்.

இப்போதைக்கு, பைத்தான் டியூட்டர் என்ற இணையதளத்தில் உங்கள் இரண்டு உதாரணங்களையும் வரிவரியாக ஓட்டிப் பாருங்கள். பெயர்களை ஒரு பக்கமும் ஆப்ஜெக்ட்டுகளை மறுபக்கமும் வரைந்து, நடுவில் அம்புக்குறி போட்டுக் காட்டும். எண், ஸ்ட்ரிங் போன்றவற்றை மட்டும் எளிமைக்காகப் பெயருக்குப் பக்கத்திலேயே காட்டக்கூடும். அவற்றையும் தனி ஆப்ஜெக்ட்டாகக் காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழைய பெட்டிப் படமே மனதில் பதியும். ஒவ்வொரு வரியை அழுத்துவதற்கு முன்னால், இந்த வரியில் அம்பு நகருமா, அம்பு காட்டும் பொருள் மாறுமா என்று காகிதத்தில் எழுதிவிட்டு அழுத்துங்கள். லிஸ்டில் + போட்ட வரியையும் += போட்ட வரியையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். உங்கள் விடை எங்கே தவறுகிறதோ அந்த வரியை இங்கே எழுதினால், அதை வைத்து மேலே பேசலாம்.